நாடகம் எழுதிய நீதிபதி

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்குக்கு வந்த பட்டிக்காட்டு இளைஞன் ஒருவன், செப்பிடுவித்தை பார்க்கலாம் என்று ஒரு கொட்டகைக்குள் நுழைகிறான். பெரிய பச்சைத் துணி மேலே போகிறது. பக்கத்து வீட்டுக்குள்ளேயே பார்க்க விட்டுவிட்டார்கள் என்று வாய் பிளக்கிறான். அது நாடகம் என்று பிறர் சொன்னதும் பதறிப்போகிறான். நாடகம் பார்ப்பது பாவம் என்று வளர்ந்தவன் அவன். அவனை யாராவது வேலைக்காரன் என்றால் போதும், 'என்னைக் கறுப்பன் என்று நினைத்தாயா?' என்று சீறுவான். அடிமைகள் இருந்த நாட்டில் வெள்ளைக்காரப் பணியாளனின் சுதந்திரப் பெருமை அவ்வளவுதான்!

1787 ஏப்ரலில் மேடையேறிய 'தி கான்ட்ராஸ்ட்' நாடகத்தில் வருகிறான் இவன். அமெரிக்கர் எழுதி, தொழில்முறைக் குழு நடித்த முதல் நகைச்சுவை நாடகம் அது. எழுதியவர் ராயல் டைலர். பாஸ்டனில் பிறந்து ஹார்வர்டில் படித்த வழக்கறிஞர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸின் மகளை மணக்க ஆசைப்பட்டு, அது கைகூடாமல் போனவர்.

பிறகு அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மாண்டில் குடியேறினார். 1797-இல் ஒரு நாவல் எழுதினார். அடிமைக் கப்பலில் வேலை பார்த்த மருத்துவர் ஒருவர், வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸில் தானே அடிமையாகிறார். அந்தக் கப்பலுக்கு டைலர் குறும்பாக வைத்த பெயர் 'சிம்பதி', அதாவது இரக்கம். 1801-இல் வெர்மாண்ட் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1807 முதல் 1813 வரை தலைமை நீதிபதி.

நான் சொல்ல வந்தது 1802-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றை. விண்ட்சர் ஊரில் ஸ்டீஃபன் ஜேக்கப் என்பவர் 1783-இல் டைனா என்ற கறுப்பினப் பெண்ணை விலைக்கு வாங்கியிருந்தார். டைனாவுக்கு வயதாகி உடம்பு ஓய்ந்தது, பார்வையும் போயிற்று. பராமரிப்புச் செலவு ஊர் தலையில் விழுந்தது. வாங்கியவரே காப்பாற்ற வேண்டும் என்று ஊர் நிர்வாகிகள் கிரயப் பத்திரத்தோடு நீதிமன்றம் போனார்கள். கூத்து என்னவென்றால், ஜேக்கப்பும் அதே நீதிமன்றத்தில் டைலரின் சக நீதிபதி!

வெர்மாண்ட் அரசியல் சட்டம் 1777-லேயே அடிமை முறையை மறுத்துவிட்டது. ஆகவே இங்கே இந்தப் பத்திரம் செல்லாது, சாட்சியமாகவும் ஏற்க முடியாது என்றார் டைலர். சட்டத்தில் ஓட்டை சொல்ல முடியாத தீர்ப்புதான். ஆனாலும் அந்த நாவலை எழுதிய கையா இது என்று எனக்கு நெருடுகிறது. மனிதரை விலைக்கு வாங்கக் கூடாது என்ற அதே சட்டத்தைக் காட்டி, வாங்கியவர் கடனின்றிக் கைவீசிப் போனார். டைனாவுக்கான செலவு ஊர்க் கணக்கிலேயே நின்றது.

நன்றி, வணக்கம்.