குடும்பக் கூடலை வரைந்து சிரிப்பது உறவுக்கு உரமே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் என் வணக்கம்.

"விடுமுறைக்குக் கூடும் குடும்பத்தைக் கேலிச்சித்திரமாக்கிச் சிரிப்பது உறவுக்கு உரமா, உறுத்தலா?" என்பது இன்றைய தலைப்பு. உரமே என்று வாதிட வந்திருக்கிறேன். சற்று முன் பேசிய எதிரணித் தலைவர், "ஆண்டுக்கு ஒருமுறை ஆசையாகக் கூடுகிறவர்களைக் கோணல் மூக்கும் தொப்பையுமாக வரைந்து சிரிப்பது என்ன பண்பாடு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆசையாகத்தான் கூடுகிறோம். கூடிய மறுநாள் காலையில் என்ன நடக்கிறது, நடுவர் அவர்களே? வீடு நிறைய ஆட்கள், குளியலறை ஒன்றே ஒன்று. அதன் வாசலில் தோளில் துண்டோடு ஒரு வரிசை. சுவரில் இருக்கும் ஒரு மின் இணைப்புக்கு எட்டுக் கைப்பேசிகள் காத்துக் கிடக்கின்றன. "இன்னும் கல்யாணம் ஆகவில்லையா?" என்று போன ஆண்டு கேட்ட பெரியப்பா, அதே நாற்காலியில் அமர்ந்து அதே கேள்வியை அதே அக்கறையோடு கேட்கிறார். பிள்ளைகளின் மதிப்பெண்களை அத்தை ஒப்பிடத் தொடங்கிவிட்டார். மாமா அரசியலைத் தொட்டுவிட்டார். சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்றால் ஒருவர் கண்ணை மூடுகிறார், ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. "கிளம்புகிறோம்" என்று எழுந்தவர்கள் வாசற்படியில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்.

இதில் யார் கெட்டவர்? ஒருவரும் இல்லை. ஆனாலும் எரிச்சல் வருகிறது. வாய்விட்டுச் சொன்னால் சண்டை. விழுங்கிக்கொண்டால், வீடு திரும்பும் வழியெல்லாம் கணவனும் மனைவியும் அதையே பேசிக்கொண்டு போவார்கள். அடுத்த ஆண்டு வராமல் இருக்க ஒரு காரணம் அங்கேயே தயாராகிவிடும். இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு தாளும் பேனாவும் இருக்கின்றன என்பதுதான் எங்கள் அணியின் வாதம்.

ஒற்றைக் கட்டக் கேலிச்சித்திரம் எப்படி வேலை செய்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். அதில் இருப்பது ஒரு நொடிதான். முன்னால் நடந்ததையும் அடுத்து நடக்கப்போவதையும் பார்ப்பவர் தம் மனத்தில் நிரப்பிக்கொள்கிறார். ஒரு குளியலறைக் கதவை வரையுங்கள். உள்ளிருந்து பாட்டு வருவதற்கு அடையாளமாகச் சில இசைக் குறிகள். வெளியே வரிசை; கடைசியில் நிற்பவருக்குத் தாடி தரைவரை வளர்ந்துவிட்டது. இதைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் அந்த வரிசையில் தம்மைத் தேடுவார்கள். உள்ளே பாடுகிறவரும் சிரிப்பார், ஏனென்றால் அவர் முகம் படத்தில் இல்லை, கதவு மட்டுமே இருக்கிறது. ஆளை விட்டுவிட்டு நிலைமையைப் பிடிக்கும் கலை இது. இதையே வாயால் சொல்லிப் பாருங்கள்: "சித்தப்பா, நீங்கள் மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்." அன்றைய பொழுது அத்தோடு முடிந்தது.

இந்தக் கலையில் கைதேர்ந்தவர் அமெரிக்காவின் பில் கீன். 1960 பிப்ரவரி 29 அன்று அவர் தொடங்கிய 'ஃபேமிலி சர்க்கஸ்' என்ற சித்திரத் தொடரில் சதுரக் கட்டம் கிடையாது. ஒரு வட்டத்துக்குள் ஒரு குடும்பம். தம் சொந்த மனைவி மக்களைப் பார்த்துத்தான் வரைந்தார். அதில் ஒரு பாத்திரத்தை எதிரணியினர் அவசியம் சந்திக்க வேண்டும். ஏதோ ஒன்று உடைந்து கிடக்கும், "யார் செய்தது?" என்று பெற்றோர் கேட்பார்கள், "நான் இல்லை" என்று பிள்ளைகள் சொல்வார்கள். உடனே 'நான் இல்லை' என்ற பெயரையே தாங்கிய ஒரு குட்டிப் பேய் அந்த மூலையில் குறும்பாக நிற்கும்! குழந்தையின் பொய்யைக் கீன் மறைக்கவில்லை. ஆனால் பழியைக் குழந்தையின் தலையிலிருந்து இறக்கிப் பேயின் தலையில் வைத்துவிட்டார். பெற்றோரும் பிள்ளையும் ஒரே பக்கம் நின்று அந்தப் பேயைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. திட்டியிருந்தால் இப்படி ஒரே பக்கம் வந்து நின்றிருப்பார்களா?

அடுத்து, "முதியவர்கள் மனம் புண்படும்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அக்கறையோடு சொன்னார், நானும் அக்கறையோடு பதில் சொல்கிறேன். இங்கிலாந்தின் கார்ல் கைல்ஸ், இரண்டாம் உலகப் போரில் போர்முனைக்குப் போன ஓவியர். 1945இல் ஜெர்மனியில் நாஜிகளின் பெல்சன் வதைமுகாமை நேரில் கண்டவர். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் வரையத் தொடங்கியது என்ன தெரியுமா? ஓயாமல் ரகளை செய்யும் ஒரு சாதாரணக் குடும்பத்தை. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த வீட்டில் உட்கார இடம் இருக்காது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு கலவரம். நடுவே கறுப்பு உடை, தொப்பி, கைப்பை, குடையோடு ஒரு பாட்டி. அந்தப் பாட்டியைப் பார்த்து இரக்கப்பட ஒருவராலும் முடியாது. வீட்டில் எல்லோரையும் நடுங்க வைக்கிறவர் அவர்தான்! முதுமையைக் கேலிச்சித்திரம் சிறுமைப்படுத்தும் என்கிறீர்கள். கைல்ஸ் முதுமைக்கு ஆட்சியையே கொடுத்தார். மனிதர் மனிதருக்குச் செய்யக்கூடிய உச்சகட்டக் கொடுமையைக் கண்டு திரும்பியவர், ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டும் பிரியாமல் வாழ்கிறவர்களைத் தேடி வரைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கனடாவின் லின் ஜான்ஸ்டன் 1979இல் தொடங்கிய தொடரில் பாத்திரங்களுக்கு வாசகர்களோடு சேர்ந்தே வயது ஏறியது. தவழ்ந்த குழந்தை வாசகர் கண் முன்னே வளர்ந்து பெரியவளானது. வரைந்து வைத்தால் குடும்பத்துக்கு அப்படி ஒரு வரலாறு கிடைக்கும். புகைப்படம் எல்லோரும் அசையாமல் நின்ற கணத்தைத்தான் காட்டும். அதற்கு முன் நடந்த தள்ளுமுள்ளைச் சித்திரம்தான் காட்டும்.

"சிரிப்புக்கு எல்லை தெரியாது" என்றும் சொன்னார்கள். எல்லை தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். ராஸ் சாஸ்ட் பல்லாண்டுகளாக அமெரிக்காவின் 'நியூயார்க்கர்' இதழில் வரைபவர். மரணத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே விடாத தம் பெற்றோரின் கடைசி ஆண்டுகளைக் கேலிச்சித்திரங்களாகவே வரைந்து 2014இல் நூலாக்கினார். அவர்களுடைய பிடிவாதம், பயம், சேர்த்து வைத்த பழைய பொருட்கள் எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்க வரைந்தவர், தாயின் இறுதி நாட்களுக்கு வந்ததும் அந்தப் பாணியையே ஒதுக்கிவிட்டார். படுக்கையில் கிடக்கும் முகத்தை வேடிக்கையில்லாத எளிய கோடுகளில் அப்படியே வரைந்தார். எங்கே சிரிப்பு நிற்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. பல ஆண்டுகள் தாயை உற்றுப் பார்த்து வரைந்தவருக்கு வந்த அறிவு அது.

எதிரணியின் வாதத்தில் ஒன்றை ஏற்கிறேன். மாமியார் என்றால் கையில் கட்டை, மருமகள் என்றால் அழுகை, மனைவி என்றால் பூரி உருட்டும் குழவி என்று தேய்ந்துபோன சித்திரங்கள் உண்டு. அவற்றை நான் தாங்கிப் பேச மாட்டேன். அவற்றை வரைந்தவர் எந்த மாமியாரையும் உட்கார்ந்து கவனித்தவர் அல்லர். நாங்கள் பரிந்து பேசுவது பக்கத்தில் இருந்து பார்த்து வரைந்த சித்திரங்களுக்காக. வரைகிறவர் முதலில் தம் மூக்கைப் பெரிதாக வரையட்டும். பிறகு பெரியப்பாவின் மூக்குக்குப் போகட்டும். வரைந்ததை அவரிடமே முதலில் காட்டட்டும். அவர் முகம் சுருங்கினால் தாளைக் கிழித்துப் போடட்டும். இதில் மறுபேச்சே வேண்டாம்.

கைப்பேசியில் வந்து குவியும் துணுக்குச் சித்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். அவை யாரோ யாருக்கோ வரைந்தவை. எங்கள் கட்சியில் அவற்றுக்கு இடமில்லை. ஒரு சிறுமி தாத்தாவின் மடியில் உட்கார்ந்து, அவர் குறட்டை விடும்போது கூரை மேலெழும்புவதை வரைகிறாள். "இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கு" என்கிறார் தாத்தா. எங்கள் கட்சி அங்கே இருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் கொடுங்கள் நடுவர் அவர்களே. எதிரணியில் அடுத்துப் பேசப்போகிறவரிடம் ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். பெரியப்பாவின் அந்தக் கல்யாணக் கேள்விக்குச் சண்டையும் வேண்டாம், மௌனமும் வேண்டாம், சித்திரமும் வேண்டாம் என்றால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் பெண் இந்த ஆண்டு அவரிடம் என்னதான் செய்ய வேண்டும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.