பாலைவனத்தில் ஒரு பூட்டான் கோட்டை

அவையோர்க்கு வணக்கம்.

நல்ல கட்டடக்கலைஞர் என்றால் அவருக்கென்று ஒரு பாணி இருக்க வேண்டும், தொலைவிலிருந்தே "இது இன்னார் கை" என்று தெரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் இன்று பேச வந்திருக்கும் டிராஸ்ட் அண்ட் டிராஸ்ட் நிறுவனம் தேறாது. எனக்கோ அந்தக் கணக்கின் மேல்தான் சந்தேகம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி எல் பாசோ இருக்கிறது. சிகாகோவில் வேலை பழகிய ஹென்றி டிராஸ்ட், 1903இல் தம்பி குஸ்டவஸ் அடால்ஃபஸுடன் அங்கே நிறுவனம் தொடங்கினார். பிறகு கட்டமைப்புப் பொறியாளராக வந்து சேர்ந்த இன்னொரு தம்பியின் பெயர் அடால்ஃபஸ் குஸ்டவஸ். இருவரும் இரட்டையர்கள், பெற்றோர் பெயரைத் திருப்பிப் போட்டு வேலையை முடித்துவிட்டார்கள்!

எல் பாசோவில் 1911இல் எழுந்த மில்ஸ் கட்டடம் பன்னிரண்டு மாடி. உயரமான கட்டடம் என்றாலே எஃகுச் சட்டகம் என்றிருந்த காலத்தில், கம்பி கட்டிய கான்கிரீட்டிலேயே அதை நிறுத்தினார்கள். சதுக்கத்தின் மூலைக்கு ஏற்ப அதன் முகப்பு வளைந்து திரும்புகிறது.

ஆனால் நான் நின்று பேச விரும்புவது ஒரு கல்லூரியைப் பற்றி. எல் பாசோவின் சுரங்கக் கல்லூரி 1916இல் தீப்பிடித்தது. புதிய இடம் தேட வேண்டியதாயிற்று. கல்லூரித் தலைவரின் மனைவி கேத்லீன் வோரெல், நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் 1914 ஏப்ரல் வெளியீட்டில் பூட்டான் கோட்டைகளின் படங்களைப் பார்த்திருந்தார். மலைச்சரிவில் அமையும் நம் கல்லூரியை இப்படிக் கட்டினால் என்ன என்று கேட்டார். கேட்டவுடன் சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. 1917இல் 'ஓல்ட் மெய்ன்' எழுந்தது. அதன் வடிவமைப்பு ஹென்றி டிராஸ்டின் பெயரில் நிற்கிறது.

அடியில் அகன்று மேலே குறுகும் தடித்த சுவர்கள், உள்ளே ஒதுங்கிய ஜன்னல்கள், வெகுதூரம் நீளும் இறவாரம், உச்சியில் செங்கல் பட்டை. இமயமலைக்காரர்கள் வேறு காரணங்களுக்காகக் கண்டுபிடித்தவை இவை. ஆனால் இறவாரம் நிழல் தருகிறது, ஆழ்ந்த ஜன்னல் வெயிலைத் தடுக்கிறது, சாய்ந்த சுவர் பின்னால் நிற்கும் பாறை மலையோடு ஒத்துப்போகிறது. வேடிக்கையாகத் தொடங்கியது பொருத்தமாக முடிந்துவிட்டது. பின்னர் வந்த கட்டடங்களும் அதே வடிவத்தைத் தொடர்ந்தன. இன்று அது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகம்.

ஊருக்கு ஊர் பாணியை மாற்றினார்கள். நியூ மெக்சிகோவின் ஆல்புகர்கியில் 1923இல் கட்டிய ஃபிரான்சிஸ்கன் ஹோட்டலுக்குப் பழங்குடியினரின் மண் வீடுகளின் உருவம் கொடுத்தார்கள். எல் பாசோவின் 1930ஆம் ஆண்டு ஹில்டன் ஹோட்டல் படிப்படியாக ஒடுங்கி உயரும் பத்தொன்பது மாடி. டெக்சாஸின் மார்ஃபா என்ற சிற்றூரில் உள்ள எல் பைசானோ ஹோட்டலில் ஸ்பானிய முற்றம்.

ஹென்றி 1933இல் காலமானார். ஹில்டன் ஹோட்டல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு, 2020இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஃபிரான்சிஸ்கன் ஹோட்டலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதை 1972இல் இடித்துவிட்டார்கள். அவர்கள் கட்டியவற்றில் துணிச்சலானது அதுதான் என்பது என் எண்ணம்.