பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கொஞ்சம் மேலே பாருங்கள் | டப்ளின் வ்லாக்

வணக்கம் நண்பர்களே! பின்னால் பஸ் இரைச்சல் கேட்கிறதா? டப்ளின், ஸ்டோர் தெரு, மத்திய பஸ் நிலையமான பஸ்ஸாரஸ் வாசலில் நிற்கிறேன். ஐரிஷ் மொழியில் ‘ஆரஸ்’ என்றால் இல்லம், கட்டடம். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னால், பஸ் மாளிகை! முதல் தடவை வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கையில் பெட்டி, கண் நேரப் பலகையில். அப்புறம் மாளிகை எங்கே தெரியும்?

இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். அந்தக் கூரை விளிம்பு தெரிகிறதா? கான்கிரீட்தான், ஆனால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நெளிந்து போகிறது. விளிம்பில் ஒரு தூண்கூட இல்லை. பயணி மழையில் நனையாமல் ஏற வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு தூரம் வெளியே நீட்டியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் மைக்கேல் ஸ்காட். பொறியியல் வேலை ஓவ் அரூப். பின்னாளில் சிட்னி ஆப்பரா ஹவுஸில் வேலை செய்தாரே, அவரேதான்.

இப்போது உச்சிக்குப் போவோம், ஜூம் செய்கிறேன். மேல்தளக் கூரையின் அடிப்பக்கத்தில் வண்ண மொசைக். பேட்ரிக் ஸ்காட் என்ற ஓவியர் செய்தது. அவர் மைக்கேலின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், ஆனால் உறவுக்காரர் இல்லை. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்காகவே பதித்த மாதிரி இருக்கிறது, இல்லையா?

இதைக் கட்டி முடிப்பதற்குள் பெரிய ரகளை. 1948-இல் ஆட்சி மாறியது. பஸ் பயணிக்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு, அரசு அலுவலகமாக்கிவிடலாம் என்று வேலையையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் சமரசம்: கீழே பஸ், மேலே சமூகநலத் துறை. 1953-இல் திறந்தார்கள். அடித்தளத்தில் செய்திப்படம் காட்ட நினைத்த அரங்கு 1959-இல் எப்லானா நாடக அரங்கானது. பக்கத்திலேயே கழிப்பறை. ‘சொந்தமாக நாடக அரங்கு வைத்திருக்கும் ஒரே பொதுக் கழிப்பறை’ என்று டப்ளின்காரர்கள் கிண்டலடித்தார்களாம்!

சரி, ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினால் லிபர்ட்டி ஹால். தொழிற்சங்கத் தலைமையகம், 1965, கிட்டத்தட்ட 60 மீட்டர். முதலில் உள்ளே இருப்பவர்கள் தெரியும்படி சாதாரணக் கண்ணாடிதான் போட்டிருந்தார்கள். 1972 டிசம்பரில் பக்கத்தில் கார் குண்டு வெடித்து எல்லாம் நொறுங்கியது. பிறகுதான் வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடி வந்தது. உயரம் இருக்கிறது, ஆனால் என் ஓட்டு இந்த அப்பளக் கூரைக்குத்தான்.

அடடா, தூறல் ஆரம்பித்துவிட்டது. கூரைக்குள்ளே வந்துவிட்டேன். நனையவில்லை, பாருங்கள்!