ஸ்விஃப்ட் போட்ட கணக்கு

அவைத்தலைவர் ஐயா அவர்களே, விடாமல் அழைத்து என்னை இங்கே நிறுத்தியிருக்கும் செயலாளர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய பேராசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். அங்கதம், வறுமை, போர் என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் அங்கதம். 1729-ல் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்துப் பசி தலைவிரித்தாடிய நேரத்தில், டப்ளின் தேவாலயத்தில் தலைமைக் குருவாக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட் பெயர் போடாமல் ஒரு சின்னப் பிரசுரம் வெளியிட்டார். ஏழைகளுக்கு ஆண்டுக்கு 1,20,000 குழந்தைகள் பிறக்கின்றன, 20,000 பேரை இனவிருத்திக்கு வைத்துக்கொண்டு மீதியை ஒரு வயதானதும் பணக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு விற்றுவிடலாம், ஒரு குழந்தை பத்து ஷில்லிங் என்று நிதானமாகக் கணக்குப் போடுகிறார். படித்தால் வயிற்றைப் புரட்டும், புரட்டட்டும் என்றுதான் எழுதினார். பெற்றோரை ஏற்கெனவே தின்று தீர்த்த நிலப்பிரபுக்களுக்கே பிள்ளைகள்மீதும் முதல் உரிமை என்கிறார் பாருங்கள், அங்கேதான் குத்து. எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?

சரி, வறுமைக்கு அப்புறம் வருகிறேன், அதற்குள் எக்லண்டைன் ஜெப் என்ற பிரிட்டிஷ் அம்மாவின் கதையைச் சொல்லிவிட வேண்டும். முதல் உலகப் போர் 1918 நவம்பரில் நின்றது, ஆனால் எதிரி நாடுகளுக்கு உணவு போகாமல் மறித்த பிரிட்டனின் கடல் முற்றுகை நிற்கவில்லை. பட்டினியில் எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தை அச்சடித்து, 1919-ல் அந்த அம்மா லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் துண்டறிக்கை கொடுத்தார். தணிக்கை அனுமதி வாங்கவில்லை என்று போலீஸ் பிடித்தது, நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் போட்டது. தீர்ப்பு முடிந்ததும் எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே 5 பவுண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்! அந்தப் பணம் குழந்தைகளுக்கான நிதிக்குப் போனது. 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பு பிறந்ததும் அதே ஆண்டுதான். அவர் எழுதிய குழந்தை உரிமைப் பிரகடனத்தை, ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கம் 1924-ல் ஏற்றது. எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா என்று கேட்டேனே, காட்டினால் சிலருக்காவது தெரிகிறது.

இன்றைக்கு நான் காட்ட விரும்புவது பள்ளிக்கூடம். போர் வந்தால் படைகள் முதலில் தேடுவது சுற்றுச்சுவரும் தண்ணீரும் உள்ள கட்டடத்தை. பள்ளி முகாமாகிறது, முகாம் எதிரிக்கு இலக்காகிறது, பிள்ளை வெளியே நிற்கிறது, அப்புறம் கூலி வேலைக்கோ துப்பாக்கி தூக்கவோ போகிறது. வறுமையும் போரும் சேர்ந்துகொள்ளும் இடம் இதுதான் ஐயா. போரில் பள்ளிகளைத் தாக்குதலிலிருந்து காப்போம், படைகள் பயன்படுத்தாமல் தடுப்போம் என்று நாடுகள் வாக்களிக்கும் 'பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம்' 2015-ல் ஓஸ்லோவில் வந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுவிட்டன. ஆனால் அது சட்டமல்ல, வெறும் அரசியல் வாக்குறுதி. அதனால்தான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் மணியடித்துவிட்டார், வறுமை பற்றிக் குறித்து வந்ததை இன்னொரு மேடையில் பேசுகிறேன். வாசல் மேசையில் மனு இருக்கிறது. பள்ளிகள் பிரகடனத்தை உங்கள் நாட்டு அரசு ஏற்காவிட்டால் ஏற்கச் சொல்லியும், ஏற்றிருந்தால் அதை ராணுவக் கையேட்டில் சேர்த்தாயிற்றா என்று கேட்டும் இரண்டு தாள்கள் உண்டு. பொருத்தமானதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.