கட்டி எடுத்தாச்சு, அப்புறம்?

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில், பணி ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும் வணக்கம். அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் தொழில் கை காலைப் பிடித்து மடக்கி நீட்டுவது. மேடைப் பேச்சு பழக்கமில்லை. முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக்கூடல் பக்கம் ஒரு வீடு. பக்கவாதம் வந்த மாமியாருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திண்ணையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டாக்டரம்மா, மூளையில கட்டி எடுக்குத வைத்தியம் பொம்பளைங்களுக்கு எடுபடாதாமே? துட்டுதான் போவும்னு மாமா சொல்லுதாங்க."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதை விடுங்கள். அந்த மாமா எங்கே கேள்விப்பட்டாரோ தெரியாது. ஆனால் அவர் சொன்னது முழுக்க ஆகாயத்திலிருந்து வந்த பேச்சு இல்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

முதலில் கட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் கேன்சர் கட்டி என்று நினைத்து அழுகிறார்கள். இது ரத்தம் உறைந்து திரண்ட கட்டி. இதயத்திலிருந்தோ கழுத்து ரத்தக்குழாயிலிருந்தோ கிளம்பிப் போய் மூளையின் பெரிய குழாயில் அடைத்துக்கொள்கிறது, அதில் வருவதுதான் இந்தப் பக்கவாதம். தாமிரபரணிக் கால்வாய் மடையில் தடுக்கு விழுந்த மாதிரி, அதற்குக் கீழே உள்ள வயல் எல்லாம் காயும். காய்கிற வேகம்தான் பயங்கரம். அடைப்பைத் திறக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போகின்றன என்று 2006-இல் கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கட்டியைத் தொடை இடுக்கு வழியாக, சில நேரம் மணிக்கட்டு வழியாக, மெல்லிய குழாயை மூளை வரைக்கும் ஏற்றி, கம்பி வலையில் சிக்கவைத்து இழுக்கிறார்கள், இல்லையென்றால் உறிஞ்சி எடுக்கிறார்கள். இதற்குப் பெயர் த்ராம்பெக்டமி. ரத்தக்கசிவால் வந்த பக்கவாதத்துக்கு இது கிடையாது. சின்னக் குழாய் அடைப்புக்கும் பொதுவாகச் செய்வதில்லை. இன்னது என்று சி.டி. ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது கதைக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சை பலன் தரும் என்று உலகத்துக்கு முதலில் அழுத்தமாகக் காட்டியது நெதர்லாந்தில் 16 ஆஸ்பத்திரிகளில் 500 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு. பெயர் எம்.ஆர். க்ளீன். அதன் முடிவு அச்சானது 2015-இல். அதே ஆண்டில் இன்னும் நாலு ஆய்வுகள் வந்தன. ஐந்தையும் சேர்த்து 1287 பேரின் விவரங்களை அலசியபோது, ஐந்து பேருக்குக் கட்டியை எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

பிறகு அந்த நெதர்லாந்துக் கணக்கையே ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களுக்குப் பலன் பளிச்சென்று தெரிந்தது. பெண்களுக்குப் பலனே இல்லாத மாதிரி வந்தது. எல்லோரும் திகைத்துப்போனார்கள். முக்கூடல் மாமாவின் காதுக்கு எட்டியது இந்தச் சேதியின் வாலாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஐந்நூறு பேரை இரண்டாகப் பிளந்தால் ஆளுக்கு இருநூற்றுச் சொச்சம். அதில் பாதிப் பேருக்குத்தான் கட்டியை எடுத்தார்கள், மீதிப் பேர் ஒப்பிட்டுப் பார்க்க. சின்னக் கணக்கில் தற்செயலும் புகுந்து விளையாடும். 2019-இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 1762 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். அதில் பெண்கள் ஏறக்குறையப் பாதி. ஆண்களைவிட வயதில் மூத்தவர்கள். அப்படியிருந்தும் ஆணுக்கு எவ்வளவு பலனோ பெண்ணுக்கும் அவ்வளவு பலன் இருந்தது. சொல்லப்போனால், அடைப்பைச் சுற்றி ரத்தம் கொண்டுபோகிற பக்கக் குழாய்கள் பெண்களுக்கு நன்றாகவே இருந்தன.

ஆகவே மருமகளே, மாமா சொன்னது தப்பு. கம்பி வலைக்கு ஆம்பளை, பொம்பளை தெரியாது.

அப்படியானால் பேச்சை முடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். முடிக்க முடியவில்லை. ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது, அதுவரை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவர்களாகப் பெரும்பாலும் பொறுக்கி எடுப்பார்கள். நேரத்துக்கு வந்தவர்களைத்தான் எடுப்பார்கள். அன்றாடம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் பதிவேடுகளைப் பல நாடுகளில் புரட்டியபோது வேறு படம் தெரிகிறது. சிகிச்சை முடிந்து தொண்ணூறாம் நாளில் தன்னந்தனியாகச் சமாளிக்கிறவர்கள் பெண்களில் குறைவு. வயது, இதயத்துடிப்புக் கோளாறு, முன்பே இருந்த முடியாமை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் சில கணக்கில் இந்த வித்தியாசம் மறைகிறது, சிலவற்றில் கொஞ்சம் மிஞ்சுகிறது. முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது: பெண்ணின் நஷ்டம் குழாய் உள்ளே போவதற்கு முன்னாலும், வெளியே வந்த பின்னாலும்தான் நடக்கிறது.

முன்னாலே நடப்பதற்கு ஒரு ஆச்சியைச் சொல்கிறேன். வீரவநல்லூர்க்காரர். தனியாள். மகன் திருப்பூரில். மார்கழி மாசம், விடியக்காலம் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு எதிர்வீட்டு மதினி கதவைத் திறந்தால், கோலம் பாதியில் நிற்கிறது, ஆச்சி படியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன பெரியம்மை என்றதற்கு, "எனக்கு ஒண்ணுமில்லட்டி, பனி ஒத்துக்கல" என்று குழறலாகப் பதில்.

எனக்கு ஒண்ணுமில்ல. எங்கள் தொழிலில் இந்த வார்த்தையைக் கேட்டால் பகீரென்னும். மூளையின் வலது பாதி அடிபட்டால், இடது கை விழுந்துகிடப்பது சில பேருக்குத் தங்களுக்கே தெரியாது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே உறைக்காது. இது ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஆனால் "ஒண்ணுமில்ல" என்று ஒரு ஆம்பளை சொன்னால் வீடே கூடிவிடும். பொம்பளை அதைத் தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாள்? காய்ச்சலானாலும் ஒண்ணுமில்ல, இடுப்பு வலியானாலும் ஒண்ணுமில்ல. அன்றைக்கும் நம்பிவிடுவோம். அதோடு, பெண்களுக்குப் பக்கவாதம் வரும்போது கிறக்கம், அசதி, தலைவலி, புத்தி தடுமாற்றம் இதெல்லாம் முந்திக்கொண்டு நிற்பதும் உண்டு. பித்தம் என்போம், ராத்திரி தூங்கவில்லை என்போம். படுக்கவைத்து விசிறுவோம்.

எதிர்வீட்டு மதினி கறுப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். முதல் மடக்கு இடது கடைவாயில் வழிந்தது. நல்லவேளை, அத்தோடு தம்ளரை வாங்கிவிட்டார். தயவுசெய்து இதை மட்டும் ஞாபகம் வையுங்கள். வாய் கோணி, பேச்சு குழறினவர்களுக்குக் காப்பி, சோடா, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது. விழுங்குகிற தசையும் விழுந்திருக்கும், நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

108 வந்தது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி: கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? தனியாக இருக்கிற பொம்பளைக்கு இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? மகனிடம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனில் பேசியிருக்கிறார். அதிலிருந்து எண்ணினால் அப்போதே ஒன்பது மணி நேரம் கடந்துவிட்டது. கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கட்டியை எடுப்பதற்கு ஆறு மணி நேரம். 2018-இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு இருபத்து நாலு மணி வரைக்கும்கூடச் செய்கிறார்கள், ஆனால் மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருக்கிறதா என்று கூடுதல் ஸ்கேன் பார்த்துப் பொறுக்கி எடுத்துத்தான் செய்வார்கள்.

பதில் சொன்னவர் பால்காரர். "அஞ்சேகாலுக்கு ஊத்துனேன். ரெண்டு கையாலயும் சொம்பைப் பிடிச்சு வாங்குனாவ." அந்த இரண்டு கை போதும். ஐந்தேகால் என்று எழுதிக்கொண்டார்கள். பதினொன்றுக்குள் கட்டி வெளியே வந்துவிட்டது. அரிசி மணி நாலைச் சேர்த்து ஒட்டிய அளவு இருந்ததாம்.

நடுத்தர வயதுப் பெண்களுக்கு இந்தக் கட்டி வர இன்னொரு வழி இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு மூட்டு வீங்கி வருகிற ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடும். நம் நாட்டில் இது பெண்களிடம்தான் அதிகம். துடிப்பு தாறுமாறாகி, இதய அறைக்குள்ளேயே கட்டி திரளும். உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். கோயில் கொடை, கல்யாணம் என்று வீட்டில் வேலை நெருக்கினால் முதலில் விட்டுப்போவது அவளுடைய மாத்திரைதான்.

சரி, பின்னாலே நடப்பதற்கு வருவோம். தொண்ணூறாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு மார்க் போடுவார்கள். மாற்றியமைத்த ராங்கின் அளவுகோல் என்று பெயர். பூஜ்யம் என்றால் ஒரு குறையுமில்லை, ஆறு என்றால் ஆள் இல்லை. இரண்டு என்றால், முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஆனால் தன் காரியத்தைத் துணையில்லாமல் பார்த்துக்கொள்வார். இரண்டுக்குள் வந்தால் நல்ல முடிவு என்று எண்ணுவார்கள்.

இந்த அளவுகோலைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உலகம் முழுக்க அதுதான் நடப்பு. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சில அண்ணாச்சிமார் இங்கேயே இருக்கிறீர்கள், கோபிக்க வேண்டாம். பக்கவாதம் வருவதற்கு முன்னால் ஒரு தம்ளர் எடுத்து வைத்திராத மனுஷன், வந்த பிறகும் எடுத்து வைக்கவில்லை. கேட்டால் "எல்லாம் பழையபடிதான்" என்பார், உண்மையும் அதுதான். அவருடைய சம்சாரத்துக்கு அதே அளவு பலவீனம் வந்தால், தண்ணீர் பிடிக்க முடியவில்லை, மாவு ஆட்ட முடியவில்லை, பீடி சுற்ற முடியவில்லை. பழைய வேலை என்கிற பட்டியல் அவளுக்கு முழ நீளம். தோற்பதற்கும் முழ நீள இடம்.

இதிலே பீடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இல்லத்தரசி என்று எழுதிவிடுவார்கள். முக்கூடல் மாமியார் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியவர். விரல் மடங்க ரப்பர் பந்து கொடுத்தேன், ஒரு வாரத்தில் பேரன் அதை வைத்துக் கிரிக்கெட் விளையாடினான். பிறகு பந்தைத் தூரப் போட்டுவிட்டுப் பீடித்தட்டை மடியில் வைத்தேன். தூள் வேண்டாம், நனைத்த இலை மட்டும். பிடி, சுருட்டு, நூலால் கட்டு. கை தன் பழைய வேலையைச் செய்தே தேறும் என்பது எங்கள் துறையில் ஒத்துக்கொண்ட விஷயம்தான். முதல் நாள் மூன்று சுற்றினார், மூன்றும் பிரிந்துபோயின. ரப்பர் பந்தோடு பேசாத மனுஷி, அந்தப் பிரிந்த பீடியைப் பார்த்து ஏசினார் பாருங்கள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆம்பளைகளுக்கு இதற்கு நேர் எதிர் ஆபத்து. சம்சாரம் ஊட்டி ஊட்டியே கையை உதவாததாக்கிவிடுவாள். பொம்பளைக்கு ஊட்ட ஆளில்லை என்பதாலேயே கத்தியை எடுத்து வெண்டைக்காய் நறுக்கி, விரல் தேறியவர்களும் உண்டு. எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிற கணக்கு இல்லை இது.

ஆனால் அவர்களைத் தின்பது வேறு. புருஷன் இருக்க மாட்டார், இருந்தாலும் இவளைவிட முடியாதவராக இருப்பார். மூத்த மகன் வீட்டில் ஒரு மாசம், இளையவன் வீட்டில் ஒரு மாசம் என்று பந்தாடுவார்கள். தேறுகிற வேகம் அதிகமாக இருக்கிற முதல் மூன்று மாசத்தில் மூன்று வீடு மாறினால் பயிற்சி எங்கே நடக்கும்? 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, அது பெரிய காரியம். அப்படி வருபவர் ஆணாக இருந்தால், தொட்டுத் தூக்கச் சங்கடப்பட்டு "நாளைக்கு வாங்க தம்பி" என்று அனுப்பிவிடுகிற ஆச்சிமாரும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும், பெண்களுக்கு இன்னும் கூடுதல். அதையும் "ஒண்ணுமில்ல" என்றே சொல்வார்கள். சாப்பாடு குறையும், ராத்திரி முழித்துக் கிடப்பார்கள், பயிற்சிக்குக் கை நீட்ட மாட்டார்கள். அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீரவநல்லூர் ஆச்சியைப் பாதியில் விட்டுவிட்டேன். தொண்ணூறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நடக்கிறீர்களா, நடக்கிறேன். குளிக்கிறீர்களா, குளிக்கிறேன். சாப்பிடுகிறீர்களா, சாப்பிடுகிறேன். இரண்டு மார்க் போட்டுவிட்டார்கள், சரியான மார்க்தான். அடுத்த வாரம் நான் போனேன். இலையில் வலது பாதிச் சோறு காலி, இடது பாதி அப்படியே இருந்தது. இடது தோளில் நிலைப்படி இடித்த கன்றல். வாசலில் கோலம், வலது பக்கம் அச்சு மாதிரி அழகு, இடது பக்கம் புள்ளியே இல்லை.

"இந்தப் பக்கம் என்ன ஆச்சி?" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

கண்ணில் கோளாறு இல்லை. மூளை இடப்பக்கத்தை விட்டுவிடுகிறது. ஒரு செங்கல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கோலத்தின் இடது ஓரத்தில் வைத்தோம். கழுத்தைத் திருப்பி அந்தக் கல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் முதல் புள்ளி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. இலைக்கு இடப்பக்கம் சிவப்புத் தம்ளர். இரண்டு மாசம் ஆனது. இப்போது ஏழு புள்ளிக் கோலம் போடுகிறார். இடது ஓரத்தில் ஒன்றிரண்டு இன்னும் விட்டுப்போகிறதாம். பால்காரர்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பெரியம்மை, செங்கல்லைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பால் ஊற்றுகிறாராம்.