'பின்ச் ஆஃப் சால்ட்' என்பதை எழுத்தில் எப்படிக் கையாள்வது?

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "ஒருவர் சொன்னதை முழுமையாக நம்ப முடியவில்லை என்பதற்கு, 'ஐ புட் மை கிரெய்ன் ஆஃப் சால்ட்' என்று என் மகள் கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டார். அது ஏன் தவறு?"

ஆசிரியர் அடித்தது சரிதான். நம் மொரீஷியஸில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அன்றாடம் கலந்து புழங்குவதால் வரும் குழப்பம் இது. பிரெஞ்சில் 'மெத்ர் சோன் க்ரேன் தெ செல்' (சொல்லுக்குச் சொல், 'தன் உப்புத் துகளைப் போடுவது') என்றால், யாரும் கேளாமலே பிறர் பேச்சில் புகுந்து தன் கருத்தைச் சொல்வது என்று பொருள். அதற்கும் ஐயத்துக்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் 'டேக்' என்ற வினையே வர வேண்டும்: 'டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' ('ஒரு சிட்டிகை உப்போடு ஏற்றுக்கொள்', அதாவது முழுமையாக நம்பிவிடாதே). பிரித்தானியர் பெரும்பாலும் 'பின்ச்' என்றும் அமெரிக்கர் 'கிரெய்ன்' என்றும் எழுதுவர், இரண்டும் சரியே.

எந்த இடத்தில் எழுதலாம் என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஐயப்படுபவர் கேட்பவரே, ஆகவே, 'அவர் ஒரு சிட்டிகை உப்போடு சொன்னார்' என்ற பொருளில் எழுதக் கூடாது. முழுப் பொய் என்று தெரிந்த செய்திக்கும் இத்தொடர் பொருந்தாது. டோடோ பறவை இன்றும் உயிரோடிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது தவறு என்றே எழுதிவிட வேண்டும். ஆனால் 1977-இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர், நம் தீவின் தம்பலகோக் மரத்தின் விதைகள் டோடோவின் வயிற்றுக்குள் சென்று வந்தால்தான் முளைக்கும் என்றும், எஞ்சியிருப்பவை 300 ஆண்டைக் கடந்த 13 மரங்களே என்றும் எழுதினார். டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கக்கூடும். ஆயினும், வயதில் இளைய மரங்களும் இருப்பதையும், பறவையின் உதவியின்றியே விதைகள் முளைப்பதையும் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். இப்படி ஓரளவு உண்மை இருக்கக்கூடிய, ஆனால் சொன்னபடியே ஏற்க முடியாத கூற்றுக்கே இத்தொடர் மிகப் பொருத்தமானது. ஐயத்துக்கான காரணத்தையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லாமல் ஐயப்பட்டால், அந்தக் கூற்றைச் சொன்னவர்மீது பழி போடுவதுபோல் ஆகிவிடும்.

இது பேச்சுவழக்கின் சாயல் கொண்ட தொடர். கடிதத்திலும் கதையிலும் இயல்பாகப் பொருந்தும். ஆய்வுக் கட்டுரையிலும் அலுவலக அறிக்கையிலும் 'ஷுட் பி ட்ரீட்டட் வித் காஷன்' (எச்சரிக்கையோடு அணுக வேண்டும்) என்று எழுதுவதே முறை. உங்கள் மகள் எழுதியது பள்ளிக் கதையாக இருந்தால், 'ஐ டுக் ஹிஸ் ஸ்டோரி வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று திருத்திக்கொள்ளலாம்.