பள்ளமான சீற்: ஸ்பொஞ்சில் கை வைக்க முதல் கீழே பாருங்கள்

[காட்சி: திருகோணமலை மாவட்டம், தம்பலகாமம். அறுவடை முடிந்த வயல். வேப்பமரத்தின் கீழ் சிவப்பு வெளிறிய ஒரு பழைய டிராக்டர்.]

வணக்கம். இது மெசி பேர்கசன் 135. 1964இலிருந்து 1975 வரை வந்த மொடல். இந்த மெசினுக்கு எப்படிப் பார்த்தாலும் 50 வயது வரும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டால் இன்றைக்கும் இதுதான் வயலில் இறங்குகிறது. எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை, ஓட்டுகிறவர் உட்காருகிற இடத்தில்.

மெசின்கார மாமாவின் முறைப்பாடு இது: "தம்பி, போன வருசம்தான் புது ஸ்பொஞ் போட்டது. பெரும்போக உழவு முடியிறதுக்குள்ள பழையபடி பள்ளம். குஷன் அடிச்சவன் ஏமாத்திப்போட்டான்."

குஷன் அடித்தவரைத் திட்டுவதற்கு முன் மாமாவை ஏறி உட்காரச் சொன்னேன்.

[காட்சி: பக்கவாட்டில் இருந்து. மாமா உட்காருகிறார். முழங்கால்கள் மேலே வருகின்றன. உடம்பு இடது பக்கம் சரிகிறது.]

அவருடைய இடது காலைக் கவனியுங்கள். சீற் தாழ்ந்துபோனதால் கிளச்சுக்குப் பாதம் முழுதாகப் போகவில்லை, விரல் நுனிதான் எட்டுகிறது. கிளச் பாதிதான் அமர்கிறது. கியர் போடும்போது 'கறக்' என்று சத்தம் வருகிறதே, அது கியர்ப் பெட்டியின் பிழை இல்லை. பள்ளமான சீற்றின் கேடு முதுகோடு நிற்பதில்லை.

சரி, எங்கே இறங்குகிறது? குஷனைக் கழற்றிவிட்டு, வெறும் இரும்புத் தட்டின் மேல் மடித்த சாக்கைப் போட்டு மறுபடி உட்காரச் சொன்னேன். தட்டின் பின் விளிம்பில் இருந்து கீழே உள்ள சட்டம் வரை அளவு நாடா பிடித்தோம். ஆள் ஏறியதும் வலது பக்கம் 2 சென்ரிமீற்றர் இறங்கியது. இடது பக்கம் 7.

குஷனே இல்லாமல்! அப்படியென்றால் ஸ்பொஞ் என்ன பாவம் செய்தது?

[காட்சி: தட்டின் அடிப்பக்கம், மிக அருகில்.]

இந்தச் சீற்றுக்கு முன்னால் ஒரு குறுக்கு போல்ட், பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங். உங்களுடையது இப்படியே இருக்க வேண்டும் என்றில்லை. 50 வருசத்தில் ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு மாதிரி மாற்றியிருக்கும். இடது ஸ்பிரிங்கைச் சுற்றிச் சேறும் வைக்கோலும் இறுகி, பார்த்தால் குளவிக்கூடு மாதிரி. கம்பி பிரஷ்ஷால் சுரண்டினால் உள்ளே அடிச் சுருள் முறிந்து, முறிந்த முனை தட்டில் குத்திக்கொண்டு நிற்கிறது. எல்லாரும் இடது பக்கத்தால்தானே ஏறி இறங்குகிறோம்? அந்த ஒரு ஸ்பிரிங்தான் வாழ்நாள் முழுதும் உதை வாங்கியிருக்கிறது.

இந்த மாதிரி டிராக்டரில் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சு நேரே உடம்போடு பூட்டியிருக்கும். வரம்பில் ஏறினால் குலுக்கலைத் தாங்குவது இரண்டே சாமான்: ரயரில் உள்ள காற்று, சீற்றுக்குக் கீழே உள்ள ஸ்பிரிங். உட்கார்ந்திருக்கிறவரின் முதுகெலும்புக்கு மிகக் கெட்ட அதிர்வு விநாடிக்கு 4இலிருந்து 8 தடவை வருகிற மேல் கீழ்க் குலுக்கல். அதை இரண்டு அங்குல ஸ்பொஞ் பிடித்து நிறுத்தாது. 1946இல் கொவென்ட்ரியில் செய்யத் தொடங்கிய சாம்பல் நிறப் பேர்கசன் டிராக்டரைப் பாருங்கள், அதில் குஷனே இல்லை. வளைந்த இரும்புத் தட்டு, கீழே ஒரு ஸ்பிரிங் பட்டை, அவ்வளவுதான்.

இனி வேலை. எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ரயருக்குக் கல் வையுங்கள்.

ஸ்பிரிங்கை ஒட்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும். கொஞ்ச நாளில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும். இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் சரிவு பக்கம் மாறுமே தவிரப் போகாது. பழைய மோட்டார் சைக்கிளின் பின் சொக் அப்சோபர் ஸ்பிரிங் பல இடங்களில் பொருந்தும். கம்பித் தடிப்பு, வெளி விட்டம், உயரம் மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் பார்க்கிற கணக்கு: ஓட்டுகிறவர் சும்மா உட்காரும்போது, சீற் இறங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் போதும். அசையவே இல்லையென்றால் கல்லில் உட்கார்ந்த மாதிரி. முழுதும் இறங்கினால் பள்ளத்தில் இரும்பும் இரும்பும் இடிக்கும்.

குறுக்கு போல்ட்டைக் கழற்றியபோது அதன் துவாரம் முட்டை வடிவாக இருந்தது. லேத் பட்டறையில் துவாரத்தைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (உள்ளே இறுக்கும் குழாய் வளையம்) அடித்தோம். கிறீஸ் பூசி, புது போல்ட், லொக் நட்டு. இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஓடும்போது சீற் கழன்றால் ஆள் விழுகிற இடம் பின் ரயரடி.

இடிப்பதைத் தடுக்க ரப்பர் கட்டை வேண்டும். பழைய ரயரில் வெட்டலாம். ஆனால் கம்பி உள்ள ரயர் வேண்டாம். முதல் தடவை நான் அதைத்தான் வெட்டினேன். கம்பி முனை உள்ளங்கையில் ஏறியது.

அப்புறம்தான் குஷன். இந்த ஊரில் ரெக்சினுக்கு இரண்டு எதிரி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றடிக்கிற மாதங்களில் வெயிலில் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பால் மாரி மழை உள்ளே போகும். ஸ்பொஞ் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தட்டின் மேல் மாதக் கணக்கில் கிடக்கும். மாமாவின் தட்டில் கறள் ஏறி, நடுவில் குறட்டால் அழுத்தினாலே ஓட்டை விழுந்தது. அந்த இடத்தை வெட்டி 3 மில்லிமீற்றர் தகடு ஒட்டி, கறள் தடுப்புப் பெயின்ற் அடித்து, தண்ணீர் வடிய நான்கு துவாரம் போட்டோம்.

மெத்தைக்குப் போடுகிற மெல்லிய ஸ்பொஞ் இங்கே சரிவராது. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள், அடர்த்தியைக் கேளுங்கள். கனமீற்றருக்கு 40 கிலோவுக்குக் குறையாதது நல்லது. அடியில் துண்டு ஸ்பொஞ் சேர்த்து அமுக்கிய கெட்டிப் பலகை ஒரு அங்குலம், மேலே அந்த 40 கிலோ ஸ்பொஞ் இரண்டு அங்குலம். பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். ரெக்சினுக்குக் கீழே மேற்பக்கம் மட்டும் பொலித்தீன். அடியை மூடாதீர்கள். தையல் ஓட்டையால் எப்படியும் தண்ணீர் வரும். வந்தது போக வழி வேண்டும்.

[காட்சி: மாமா மறுபடி ஏறுகிறார். அளவு நாடா: இரு பக்கமும் 3 சென்ரிமீற்றர்.]

வயலைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தார். முகத்தில் சந்தோசம் இல்லை.

"என்ன மாமா?"

"சீற் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஸ்டியரிங்தான் தூரமாப் போயிற்று."

இத்தனை வருசம் பள்ளத்துக்குள் குனிந்து ஓட்டிப் பழகியவர். சீற்றை ஒரு துவாரம் முன்னால் தள்ளிப் பூட்டிக் கொடுத்தோம்.